விமானச் சத்தத்துக்கு ஒரு நீதி, லாரிச் சத்தத்துக்கு ஒரு நீதியா?

இரவு மணி 11.

காசிமேட்டில் சாலையோரம் ஒரு சின்ன வீடு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தை அப்போதுதான் கண் அயர்கிறது. தாய் விசிறியைக் கீழே வைத்துவிட்டுத் தலை சாய்க்கிறாள்.

"பாம்...!"

ஏர் ஹாரன் அலறுகிறது. பின்னாலேயே 'தட தட தட' என்று ஒரு கன்டெய்னர் லாரி. சுவரில் மாட்டிய சாமி படம் ஆடுகிறது. அடுக்கி வைத்த பாத்திரம் கலகலக்கிறது. குழந்தை வீரிட்டு அழுகிறது. அதைத் தட்டித் தூங்க வைப்பதற்குள் அடுத்த லாரி வந்து விடுகிறது.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். இந்த ஊர்களில் துறைமுகச் சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு இது கதை அல்ல. அன்றாடம் நடப்பது.

சென்னையின் தென்கோடியில் மீனம்பாக்கம் இருக்கிறது. அங்கே விமானம் இறங்கும்போது வீடு அதிருகிறது என்று பல்லாவரத்துக்காரரும் பொழிச்சலூர்க்காரரும் சொல்கிறார்கள். சொல்வது நியாயம்தான். அவர்கள் சொல்வதைக் கேட்க ஆளும் இருக்கிறது. விமான நிலையத்தைச் சுற்றி எவ்வளவு சத்தம் இருக்கலாம் என்று மத்திய அரசு 2018-ல் தனியாக அளவு வகுத்தது.

வட சென்னைக்கு விமானம் இல்லை. கப்பல் இருக்கிறது. கப்பல் கடலில் நிற்கிறது. அதனால் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. ஆனால் கப்பலில் வந்த பெட்டி கரைக்கு வந்தால் வீதி வழியாகத்தானே போக வேண்டும்?

விமான நிலையத்தை விரிவு செய்வது என்றால், 'சத்தம் எவ்வளவு கூடும்?' என்று முதலில் கேட்கிறார்கள். துறைமுகத்தை விரிவு செய்வது என்றால், 'எத்தனை டன் கூடும்?' என்று கேட்கிறார்கள். டன் கணக்கு எழுதும் நோட்டில் தூக்கக் கணக்கும் எழுத வேண்டாமா?

ஜப்பானில் நடந்தது

ஜப்பானில் ஒசாகா என்று ஒரு பெரிய நகரம். அங்கே விமான நிலையத்தை ஒட்டிக் குடியிருந்த ஜனங்கள், சத்தம் தாங்க முடியாமல் 1969-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு 12 ஆண்டு நடந்தது. 1981-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு, அவர்கள் பட்ட துன்பத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது.

அந்த விமான நிலையம் இன்றும் இரவு 9 மணிக்குக் கடையைக் கட்டி விடுகிறது. காலை 7 மணிக்குத்தான் மறுபடி திறக்கிறது. பக்கத்து வீடுகளுக்குச் சத்தம் புகாத ஜன்னல் போட அரசாங்கமே பணம் கொடுத்தது. புதிய விமான நிலையம் தேவைப்பட்டபோது, ஊருக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று கடலுக்கு நடுவே தீவு போட்டு 1994-ல் அங்கே கட்டி விட்டார்கள்!

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் என்ற ஊர் விமான நிலையத்தில் 2011-லிருந்து இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை விமானம் புறப்பட, இறங்கத் தடை உண்டு.

அதெல்லாம் பணக்கார நாடு என்று சொல்லலாம். ஆனால் நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை.

2000-ம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்தது. சத்தத்தை 'டெசிபல்' என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். அதற்கு மேல் கூடாது. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில், ஆபத்து அவசரம் தவிர, ஹாரனே அடிக்கக் கூடாது என்று 2010-ல் விதியில் சேர்த்தார்கள்.

ஆனால் இதே விதியில், தொழிற்சாலைப் பகுதி என்றால் இரவில் 70 டெசிபல் வரை போகலாம்!

இங்கேதான் வட சென்னை மாட்டிக் கொள்கிறது. ஆலைக்குப் பக்கத்தில் வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம். அதற்குப் பக்கத்தில் லாரி ஷெட். இது ஆலைப் பகுதியா, வீட்டுப் பகுதியா? காகிதத்தில் எப்படி எழுதினாலும், அங்கே தூங்குகிறவன் மனிதன். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான் என்பதற்காக அவன் காது இரும்பாகி விடுமா?

பிள்ளைகளின் படிப்பு

'பழகிப் போச்சு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். காது பழகலாம்; உடம்பு பழகுவதில்லை. இரவுச் சத்தம் ரத்த அழுத்தத்தையும் இருதய நோயையும் கூட்டுகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சாலைச் சத்தம் இரவில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் சொன்னது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஒரு பள்ளிக்கூடம். அதன் ஒரு பக்கத்தை ஒட்டி, உயரப் பாலத்தில் ரயில் ஓடும். மறு பக்கம் அமைதி. 1970-களில் ஒரு பெண் ஆராய்ச்சியாளர் அங்கே போய் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் சோதித்துப் பார்த்தார். ரயில் பக்கத்து வகுப்பில் படித்த பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். 6-ம் வகுப்புக்கு வரும்போது ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பே குறைந்து போயிருந்தது! ஒரே பள்ளிக்கூடம்தான். ஒரே பாடம்தான்.

பிறகு என்ன செய்தார்கள்? பள்ளிக்கூடத்தை இடிக்கவில்லை. ரயிலை நிறுத்தவும் இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள். வகுப்பறையின் மேல்தளத்தில் சத்தத்தை உறிஞ்சும் பலகை அடித்தார்கள். அப்புறம் சோதித்தபோது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சரிசமமாகப் படித்தார்கள்.

ரப்பரும் பலகையும் வாங்க எண்ணூரில் மட்டும் காசு இல்லாமல் போய் விடுமா? கோடிக் கணக்கில் வியாபாரம் நடக்கிற துறைமுகம் அல்லவா அது!

லாபம் தெற்கே, நஷ்டம் வடக்கே

இந்த வழக்கம் இன்று வந்ததல்ல. சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிறது.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் கல் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டினார்கள். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து கொண்டிருந்த மணலை அந்தச் சுவர் தடுத்து விட்டது. தெற்கே மணல் சேர்ந்தது, மெரீனா அகலமாயிற்று. வடக்கே மணல் வரவில்லை. ராயபுரத்துக் கரையைக் கடல் தின்றது. மீனவர்களின் வீடுகள் போயின. இன்று அங்கே கருங்கல் கொட்டிக் கரையைக் காத்து நிற்கிறார்கள். ஒரே சுவர்தான். ஒரு பக்கத்தாருக்குக் காற்று வாங்க மணல். மறு பக்கத்தாருக்குக் கருங்கல்!

நிலக்கரி விஷயமும் அப்படியே. துறைமுகத்து நிலக்கரித் தூளாலும் இரும்புத் தாதுத் தூளாலும் ராயபுரத்து வீடுகள் கறுத்துப் போயின. சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. 2011-ல் அங்கே நிலக்கரி, இரும்புத் தாது இறக்குவது நின்றது. ராயபுரம் மூச்சு விட்டது. ஆனால் நிலக்கரி எங்கே போயிற்று? எண்ணூருக்குப் போயிற்று. அண்ணன் தலைச்சுமையைத் தம்பி தலைக்கு மாற்றியது போல!

1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். கன்டெய்னருக்கென்றே அமைந்த முதல் முனையம் இந்தியாவில் அதுதான். 2009-ல் இரண்டாவது முனையம் வந்தது. 2001-ல் எண்ணூரில் புதுத் துறைமுகம் திறந்தது. அதுதான் இன்றைய காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018-ல் அதை அதானி கம்பெனி வாங்கியது.

காட்டுப்பள்ளியை விரிவு செய்யப் போட்ட திட்டம் சாதாரணமானதல்ல. வருடத்துக்கு 2 கோடியே 46 லட்சம் டன் என்பதை 32 கோடி டன் ஆக்குவதாம். அதாவது 13 மடங்கு! 330 ஏக்கர் இடம் 6,100 ஏக்கருக்கு மேல் ஆகுமாம். இதற்கு மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் 2021 ஜனவரியில் நடப்பதாக இருந்து தள்ளிப் போயிற்று. 2023 செப்டம்பரில் நடப்பதாக இருந்து அதுவும் தள்ளிப் போயிற்று. பழவேற்காடு ஏரியையும் மீனையும் நம்பிப் பிழைக்கும் ஜனங்கள் இந்தத் திட்டமே வேண்டாம் என்கிறார்கள். அது தனி வழக்கு, பெரிய வழக்கு.

சாலைக் கணக்கை மட்டும் பார்ப்போம். 32 கோடி டன்னும் லாரியில் போகாது. ரயிலில் போகும், குழாயில் போகும். ஆனாலும் 13 மடங்கில் ஒரு பங்கு சாலைக்கு வந்தால்கூட, காசிமேட்டுத் தாய் தலை சாய்ப்பது எப்போது?

லாரிக்காரரும் மனிதர்தான்

இதைப் படித்துவிட்டு லாரி டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

துறைமுகத்தின் 'ஜீரோ கேட்'டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்பதை வட சென்னைக்காரர்கள் வருடக் கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். வரிசையில் நிற்கிற டிரைவர் எங்கே குளிப்பார்? எங்கே ஒதுங்குவார்? எங்கே இரண்டு மணி நேரம் கண்ணை மூடுவார்? விமானப் பயணிக்குக் குளுகுளு அறை, நாற்காலி, காபி, கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. மீனம்பாக்கத்தில் 2023 ஏப்ரலில் 1,260 கோடி ரூபாய் செலவில் புது முனையம் திறந்தார்கள். நல்ல காரியம். நாட்டுச் சரக்கைச் சுமந்து வருகிற டிரைவருக்குக் குடிதண்ணீரும் கழிப்பறையும் கயிற்றுக் கட்டிலும் உள்ள ஒரு லாரிப்பேட்டை அதில் எத்தனை பைசாவுக்கு ஆகும்?

லாரிகளை ஊருக்கு வெளியே பேட்டையில் நிறுத்தி, டோக்கன் கொடுத்து, முறை வரும்போது மட்டும் கேட்டுக்கு அழைத்தால் போதும். வரிசையும் குறையும், ஹாரனும் குறையும். டிரைவர் சும்மா ஹாரன் அடிப்பதில்லை. முன்னால் நிற்கிற வண்டி நகராததால் அடிக்கிறார்.

சாலையில் பள்ளத்தை மூடினாலே பாதிச் சத்தம் போய் விடும். சரக்கு ஏற்றிய லாரியைவிடக் காலிப் பெட்டி ஏற்றிய லாரிதான் அதிகம் குலுங்குகிறது. நிறைகுடம் தளும்பாது அல்லவா? பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்தக் காலிப் பெட்டி போடுகிற சத்தம்தான் நடு இரவில் குழந்தையை எழுப்புகிறது.

இன்னொரு வழி ரயில். ஒரு சரக்கு ரயிலில் 45 வேகன்கள். 20 அடிக் கன்டெய்னர் என்றால் 90 ஏற்றலாம். அத்தனை லாரி சாலைக்கு வரத் தேவையில்லை. ரயிலுக்கும் சத்தம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்தில் இதற்கும் வழி பார்த்தார்கள். 2002-ல் துறைமுகத்திலிருந்து 20 மைலுக்குத் தனி ரயில் பாதை திறந்தார்கள். அதில் 10 மைல் தூரம், ஊர் நடுவே 33 அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, அதற்குள்ளே ரயிலை விட்டார்கள். மேலே ஜனங்கள் தெருவில் நடக்கிறார்கள். கீழே கன்டெய்னர் ரயில் போகிறது.

நம் ஊரில் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை என்று 2009-ல் தொடங்கினார்கள். 2012-ல் நின்று போயிற்று. பிறகு இரண்டடுக்குச் சாலையாக மாற்றி 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். முதல் அடிக்கல் நாட்டிய ஆண்டில் பிறந்த குழந்தை, இரண்டாவது அடிக்கல் நாட்டியபோது 8-ம் வகுப்புக்குப் போகிற வயதை எட்டியிருந்தது!

நடந்து போகிறவருக்கு என்ன?

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தத் தூண் வைத்த ஸ்டேஷன் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ராயபுரத்தைப் பெரிய ரயில் முனையமாக்குங்கள் என்று வட சென்னை ஜனங்கள் கேட்டுக் கேட்டு அலுத்து விட்டார்கள்.

மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மெட்ரோ ஓடுவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில். கடலோரக் குப்பத்துப் பெண் கூடையைத் தூக்கிக் கொண்டு அந்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமானால், முதலில் லாரி போகிற சாலையைக் கடக்க வேண்டும். பள்ளிப் பிள்ளையும் அப்படித்தான். கர்ப்பிணியும் அப்படித்தான். குப்பத்துக்குக் குப்பம் ஒரு நல்ல நடைமேம்பாலம், ஏறமுடியாதவர்களுக்கு லிப்டு, நிழலுள்ள ஒரு பஸ் நிறுத்தம், ஸ்டேஷன் வரை ஒரு சின்ன பஸ். பயணிகள் வசதி என்றால் விமானப் பயணிக்கு மட்டுமா?

கட்டணம் யார் கொடுப்பது என்று கேட்பார்கள். விமான டிக்கெட்டில் பயணி கட்டணம் என்று தனியாகப் பிடிக்கிறார்கள். அது போல ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு சிறு தொகை வைக்கட்டும். அதைத் தனிக் கணக்கில் போட்டு, சாலையோர வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஜன்னல் மாற்றவும், நடைமேம்பாலம் கட்டவும் செலவிடட்டும். சாலையில் சத்தத்தை அளக்கும் கருவி வைத்து, நேற்று இரவு எத்தனை டெசிபல் என்று தெருமுனைப் பலகையில் தினமும் எழுதிப் போடட்டும்.

காட்டுப்பள்ளிக் கூட்டம் என்றைக்காவது மறுபடி கூடும். அப்போது ஒரு தடிமனான அறிக்கையை மேஜையில் வைப்பார்கள். டன் கணக்கு இருக்கும். ஏக்கர் கணக்கு இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் எத்தனை லாரி, எந்தத் தெரு வழியாக, எவ்வளவு சத்தத்தோடு போகும் என்ற பக்கம் எது என்று காசிமேட்டுக்காரரும் எண்ணூர்க்காரரும் எழுந்து கேட்கலாம். அந்தப் பக்கத்தைத் தமிழில் உரக்கப் படிக்கச் சொல்லலாம்.