சாரதியின் கணக்கு

மாலை நான்கு மணிக்குச் சுன்னாகத்தில் வெங்காய மூட்டைகள் லொறியில் ஏறுகின்றன. மறுநாள் விடியுமுன் அவை பேலியகொடைச் சந்தையில் இறங்க வேண்டுமென்பது வியாபாரியின் கட்டளை. விலை என்ன, வாடகை என்ன, தரகு என்ன, கழிவு என்ன என்ற கணக்கெல்லாம் துண்டில் எழுதப்படுகின்றன. ஆனால் ஏறத்தாழ 400 கிலோமீற்றரை இரவோடிரவாக ஓட்டிக் கடக்கப்போகும் மனிதன் கடைசியாக எப்போது உறங்கினான், வழியில் எங்கே இளைப்பாறுவான் என்ற கணக்கை மட்டும் எழுதுவார் எவருமிலர். அந்தக் கணக்கைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுகின்றோம்.

இவ்விடயத்தில் சட்டத் தொழில் புரியும் எம் போன்றோரும் குற்றமற்றவர்களல்லர். வீதி விபத்து வழக்கொன்று வந்தால் வேகம் எவ்வளவு, பிரேக் பிடித்த தடம் எத்தனை அடி, விளக்கு எரிந்ததா என்று குறுக்கு விசாரணை செய்கின்றோம். “அதற்கு முன் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தாய்?” என்று கேட்பது அரிது. கேட்டாலும், விடை சொல்லச் சாரதியின் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. எதிரிக் கூண்டில் நிற்பவன் அவன் ஒருவனே. அவனை அந்நேரத்தில் அவ்வீதிக்கு அனுப்பியவர்கள் நீதிமன்ற வாசலையும் மிதிப்பதில்லை.

களைப்பு என்பது ஒழுக்கக் குறைவன்று, உடலின் நியதி. 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் ஏறியவனுடையதைப் போலக் குன்றுகிறது என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 1997இல் எடுத்துக் காட்டினர். மதுவை ஊதிப் பார்க்கப் பொலிஸாரிடம் கருவி உண்டு. தூக்கத்தை ஊதிப் பார்க்கும் கருவி எவரிடமும் இல்லை. வேலை நேரப் பதிவேடு ஒன்றே அதற்கு ஈடாக நிற்கக்கூடியது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு ஒழுங்கு செய்துள்ளன? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி, நாலரை மணித்தியாலம் ஓட்டிய சாரதி 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் 9 மணித்தியாலமும், வாரத்தில் இரு நாட்களில் மட்டும் 10 மணித்தியாலமும் ஓட்டலாம். வாரத்துக்கு 56, அடுத்தடுத்த இரு வாரங்களுக்குச் சேர்த்து 90 மணித்தியாலம் என்பதே எல்லை. நாளொன்றுக்கு 11 மணித்தியால ஓய்வு வேண்டும்; வார ஓய்வுகளுக்கிடையே மூன்று முறைக்கு மேற்படாமல் அதனை 9 ஆகக் குறைக்கலாம். இவை தவிர 2002இல் பிறந்த பணிப்புரையொன்று மூட்டை ஏற்றுவதையும் இறக்குவதையும் வேலை நேரமாகவே கொள்கின்றது. தொழிலாளருடன் செய்த உடன்படிக்கை வேறுவிதமாகக் கூறாவிடில், இரவு வேலை கலந்த நாளில் மொத்த வேலை 10 மணித்தியாலத்தைத் தாண்டலாகாது.

இந்த அளவுகோலை எமது சுன்னாகத்து லொறிக்கு வைத்துப் பார்ப்போம். மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றர் வீதம் ஓடினால், ஓட்டம் மட்டும் 10 மணித்தியாலம். இடையே இருமுறை 45 நிமிட ஓய்வு. மூட்டை ஏற்ற 3 மணித்தியாலம் என்று கொண்டால், வேலை மட்டும் 13 மணித்தியாலமாகின்றது. ஓய்வையும் சேர்த்தால் பதினாலரை. அங்கே இது ஒரு சாரதியால் சட்டப்படி செய்து முடிக்க முடியாத பயணம். இங்கேயோ, இறக்கி முடித்த கையோடு திரும்புநடைக்கும் அவனையே எதிர்பார்க்கின்றோம்!

விதி மட்டும் போதாது, பதிவும் வேண்டும் என்பது பழைய பாடம். பிரித்தானியா 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால் தொடர்ந்து ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டலாகாதென விதித்தது. 1933இல் நேரப் பதிவுகளை வைத்திருக்க வேண்டுமெனவும் சட்டமியற்றியது. ஓட்டத்தைத் தானே பதியும் டக்கோகிராப் கருவியை ஐரோப்பிய சமூகம் 1970இல் விதித்தபோது, அதனை ‘ஆசனத்தருகே அமர்ந்த உளவாளி’ என்று பிரித்தானியச் சாரதிகள் வெறுத்தனர். கட்டாயமாக்கத் தயங்கிய அந்நாட்டுக்கு எதிராக ஐரோப்பிய நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. சாரதிகளின் அச்சம் நியாயமற்றதென்று நாம் கூறோம். எசமானின் கையில் மட்டும் இருக்கும் பதிவு உளவாளிதான். சாரதியின் கையிலும் ஒரு பிரதி இருக்குமாயின் அதுவே அவனுடைய சாட்சி.

சட்டம் படித்தோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பிரிவொன்றும் அந்த ஒழுங்குவிதியில் உண்டு. வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்து விளைக்கும் வகையில், ஓடிய தூரத்துக்கோ ஏற்றிய பாரத்துக்கோ கூலி பேசுவதை அது தடுக்கின்றது. சாரதியின் மீறலுக்கு நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்குகின்றது. பொருளை அனுப்புபவரும், விதிக்கு முரணாகாத நேரத்தையே ஒப்பந்தத்தில் குறிக்க வேண்டுமென்கின்றது. அதாவது, “விடியுமுன் வந்தாக வேண்டும்” என்று கட்டளையிட்டவரும் கணக்குக் கொடுக்க வேண்டியவரே.

காய்கறி அழுகும், விலை விழும், விவசாயி நட்டப்படுவான் என்பர். அது பொய்யன்று. நட்டத்தின் முழுச் சுமையும் தோட்டக்காரன் தலையில் விழுவதை எமது விவசாயிகள் நன்கறிவர். ஆனால் பரிகாரம் சாரதியின் கண்ணிமையில் இல்லை. மாலையில் ஏற்றுவதை நண்பகலில் ஏற்றலாம். இரு சாரதிகளை அனுப்பலாம். வவுனியாவில் சாரதி மாறலாம். இரண்டாம் சாரதியின் கூலியைப் பல தோட்டக்காரர் பகிர்ந்தால் மூட்டைக்கு விழுவது சிறு தொகையே. தன் விளைபொருளைத் தன் வாகனத்தில் 100 கிலோமீற்றர் வட்டத்துக்குள் கொண்டுசெல்லும் விவசாயிக்கு விலக்களிக்க உறுப்பு நாடுகளுக்கு அங்கே இடமுண்டு. தங்குமிடத்தை அடைவதற்காகச் சற்றுக் கூடுதலாக ஓட்டினாலும், காரணத்தை எழுதிவைத்தால் சட்டம் பொறுத்துக் கொள்கின்றது. கண்டிப்பும் இரக்கமும் ஒரே சட்டத்தில் இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

எமது நாட்டில் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலுக்கும் ஒரு சபை உண்டு. முதலாளி சம்பளப் பதிவேடு வைக்கக் கடமைப்பட்டவர். ஆனால் அலுவலக மேசையிலிருக்கும் ஏடு, நள்ளிரவில் மாங்குளத்தில் நடந்ததைச் சொல்லாது. ஆகவே லொறியோடு செல்லும் பதிவேடு ஒன்றை நாம் வேண்டுகின்றோம். ஏற்றத் தொடங்கிய நேரம், புறப்பட்ட நேரம், நின்ற இடம், ஓய்ந்த நேரம், இறக்கி முடித்த நேரம் என ஐந்து கட்டங்கள் போதும். ஒரு பிரதி உரிமையாளருக்கு, ஒரு பிரதி சாரதிக்கு. கண்டி வீதியோரத்தில் வெளிச்சமும் நீரும் காவலும் உள்ள தரிப்பிடங்கள் அமைய வேண்டும். நிற்க இடமில்லாத வீதியில் ஓய்வை விதிப்பது வெறுஞ்சட்டமே.

இதற்கெல்லாம் பாராளுமன்றம் வழிவிடும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களும் லொறி உரிமையாளர் சங்கங்களும் இவ்வேட்டை நாளையே தொடங்கலாம். வாடகை ஒப்பந்தம் எழுதும் சட்டத்தரணிகள் அதில் ஓய்வு நேரத்துக்கு ஒரு வரி சேர்க்கலாம். தோட்டக்காரரும் அடுத்த முறை மூட்டை ஏற்றும்போது, “எப்போது போய்ச் சேருவாய்?” என்று கேட்குமுன் “எப்போது உறங்கினாய், தம்பி?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். விடை திருப்தியில்லையேல், அந்த லொறி காலையில் புறப்படட்டும்.