ஊசி போட்ட நாலாம் நாள் ஆடு நோயில் விழுந்தது ஏன்?

கேள்வி: எங்களிடம் 14 வெள்ளாடுகள் உள்ளன. பக்கத்துத் தெருவில் ஆட்டுக்கொல்லி நோய் வந்ததும் பத்து ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டோம். நாலாம் நாள் இரண்டு ஆடுகளுக்குக் காய்ச்சல், மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல். ஒன்று இறந்துவிட்டது. ஊசியால்தான் நோய் வந்தது என்கிறார் மாமனார். அக்கா வீட்டில் இருக்கும் ஐந்து மாதக் குட்டிகள் நாலுக்கும் ஊசி வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் இழப்பு வருத்தமானது, அம்மா. மாமனாரின் சந்தேகமும் நியாயமானதே. ஆனால் நோய் ஊசியால் வந்திருக்காது. இந்தக் கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்ட சுமார் 4 முதல் 6 நாள் ஆகும். நீங்கள் ஊசி போடும்போதே அந்த ஆடுகளுக்குள் கிருமி இருந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டவுடன் பாதுகாப்பு வராதா என்று கேட்பீர்கள். ஊசி மருந்து நேராகக் கிருமியைக் கொல்வதில்லை. அதைக் கொல்ல உடலுக்குப் பயிற்சி தருகிறது. அந்த வேலையில் பெரும்பங்கு டி செல்கள் எனும் வெள்ளணுக்களுக்கு. இவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்சுப் பகுதியிலுள்ள தைமஸ் சுரப்பியில் தேறுகின்றன. இவற்றில் பல வகை உண்டு.

உதவி டி செல்: மேஸ்திரி மாதிரி. கிருமியின் அடையாளத்தைப் பார்த்து மற்ற அணுக்களை வேலைக்கு ஏவும். பி செல்கள் நல்ல எதிர்ப்புப் பொருளைச் செய்வதும் இதன் தூண்டுதலால்தான்.

கொல்லும் டி செல்: மஞ்சள் தேமல் வந்த உளுந்துச் செடியைப் பரவும் முன் பிடுங்கி எறிகிறோம் அல்லவா? அதுபோலக் கிருமி குடியேறிய அணுவையே அழித்துவிடும்.

கட்டுப்படுத்தும் டி செல்: வயல் நிறைந்ததும் மடையை அடைப்பதுபோல, சண்டை எல்லை மீறி சொந்த உடலைக் கெடுக்காமல் நிறுத்தும்.

நினைவு டி செல்: எடுத்து வைத்த விதைநெல். அதே கிருமி மறுபடி வந்தால் உடனே பெருகும்.

இத்தனை பேரும் தயாராக 10 முதல் 14 நாள் வேண்டும். ஆட்டுக்கொல்லிக் கிருமியோ வெள்ளணுக்களையே தாக்குகிறது. அதனால் முந்திக்கொண்ட கிருமி ஜெயித்துவிட்டது.

இனி செய்ய வேண்டியவை:

1. நோயுற்ற ஆட்டைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரை அழையுங்கள். எதிர்ப்புச் சக்தி குறையும்போது நுரையீரலில் வேறு கிருமிகளும் சேரும். அதற்கு மருந்து உண்டு.

2. பயந்துபோய் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். உங்கள் நஷ்டம் பத்து வீட்டு நஷ்டமாகிவிடும். இறந்ததை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

3. அக்கா வீட்டுக் குட்டிகள் நலமாக இருந்தால் அங்கேயே ஊசி போடுங்கள். மூன்று வாரம் கழித்து, உங்கள் பட்டியில் நோய் அடங்கியதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அழைத்து வாருங்கள்.

4. இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி மருந்து. ஐஸ் பெட்டியில் வந்ததா என்று பாருங்கள். சூடு பட்டால் பலன் போய்விடும்.

சரியாகப் போட்ட ஒரே ஊசி மூன்று ஆண்டு காக்கும். மாமனாரிடம் வெக்கை நோயை நினைவுபடுத்துங்கள். அவர் காலத்தில் மாடுகளை வாரிக்கொண்டு போன நோய் அது. தடுப்பூசியால் 2011-ல் உலகத்திலேயே இல்லாமல் போனது. ஆட்டுக்கொல்லியும் அதே இனக் கிருமிதான். அடுத்த முறை நோய் வரும்வரை காத்திராமல், ஊர் அமைதியாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.