92,003 பேர் பார்த்த ஆட்டமும், அலமாரிக்குள் போகும் ஸ்கோர் ஷீட்டும்

2023 ஆகஸ்ட் 31, அதிகாலை 5.30 மணி. மதுரை கோச்சடையில் டீக்கடைகள் அடுப்பைப் பற்றவைக்கும் நேரம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் அப்போது முந்தைய நாள் இரவு 7 மணி. அங்கே லிங்கன் நகரின் மெமோரியல் ஸ்டேடியத்தில் ஒரு வாலிபால் ஆட்டம் தொடங்கியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் அணியும், ஒமாஹா வளாகத்தின் பெண்கள் அணியும் மோதின. வந்திருந்தவர்கள் 92,003 பேர்.

பெண்கள் விளையாட்டு ஒன்றை இத்தனை பேர் நேரில் பார்த்தது உலக சாதனையாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் பார்சிலோனாவின் கேம்ப் நூவில் பெண்கள் கால்பந்துக்கு வந்த 91,648 பேர்தான் அதற்கு முந்தைய கணக்கு. (1971-ல் மெக்சிகோவில் நடந்த பெண்கள் கால்பந்துத் தொடருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வந்ததாகச் சொல்வார்கள். அது அங்கீகாரம் இல்லாத தொடர் என்பதால் பட்டியலில் சேரவில்லை. பாவம்.)

நெப்ராஸ்கா மாகாணத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 20 லட்சம்தான். நம்ம மதுரை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 30 லட்சம் பேர். ஆக, கூட்டம் வராததற்கு ஆள் இல்லை என்று இங்கே யாரும் காரணம் சொல்ல முடியாது.

ரசனை இல்லை என்றும் சொல்ல முடியாது. அலங்காநல்லூரில் வாடிவாசல் திறக்கும் முன்பே, இந்தக் காளை எந்தப் பக்கம் திரும்பும், போன வருடம் யாருக்குப் பிடி கொடுத்தது என்று பேசும் ஊர் இது. அதற்குப் பெயர்தான் அனலிசிஸ். கல்லூரிப் பெண்கள் வாலிபாலுக்கு அந்தப் பேச்சு ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

ரசிகர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

அமெரிக்கக் கல்லூரி வாலிபாலின் தீவிர ரசிகர்கள் யார் ஜெயித்தார்கள் என்பதோடு நிறுத்துவதில்லை. எந்த ரொட்டேஷனில் மாட்டிக்கொண்டார்கள் என்று தேடுகிறார்கள்.

விஷயம் இதுதான். களத்தில் ஆறு பேர். எதிரணியின் சர்வை முறித்து சர்வ் உரிமையை வாங்கும் ஒவ்வொரு முறையும், எல்லோரும் கடிகார முள் திசையில் ஓர் இடம் நகர வேண்டும். செட்டர் (ஊர் மைதானங்களில் பலர் ‘லிஃப்டர்’ என்பார்கள்) பின்வரிசையில் இருந்தால், முன்வரிசையில் அடிக்க மூன்று பேர் இருப்பார்கள். செட்டரே முன்வரிசைக்கு வந்துவிட்டால் இரண்டு பேர்தான். எதிரணியின் பிளாக்கர்களுக்கு வேலை சுலபம். 18-16 என்று போய்க்கொண்டிருக்கும் செட் திடீரென 18-21 ஆவதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு ரொட்டேஷன் இருக்கும். பார்க்கிறவர்கள் ‘டென்ஷன் ஆயிட்டாங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் அந்த மூன்று நிமிடத்தில் நல்ல அட்டாக்கர் பின்வரிசையில் நின்றிருப்பார்.

அடுத்தது அட்டாக் கணக்கு. ஒருவர் 40 முறை அடித்து 16 புள்ளி எடுத்து, 6 முறை வெளியே அடித்தோ பிளாக்கில் மாட்டியோ புள்ளியை விட்டார் என்றால், 16-ல் 6 கழித்து 40-ஆல் வகுக்க வேண்டும். 0.250. இன்னொருவர் 20 முறைதான் அடித்தார்; 9 புள்ளி, ஒரே ஒரு தவறு. அவருடையது 0.400. கைதட்டல் முதலாமவருக்குப் போகும். அடுத்த செட்டில் பந்து அதிகம் போக வேண்டியது இரண்டாமவருக்கு.

இந்தக் கணக்கு அங்கே ரசிகர்களுக்குக் கிடைக்கிறது. என்சிஏஏ அமைப்பின் பெண்கள் வாலிபால் சாம்பியன்ஷிப் 1981-ல் தொடங்கியது. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குப் பாகுபாடு கூடாது என்ற 1972-ம் வருட ‘டைட்டில் 9’ சட்டம் அதற்கு வழி திறந்தது. இன்று ஆட்டம் முடிந்த சிறிது நேரத்தில் ஒவ்வொரு வீராங்கனையின் அட்டாக், பிளாக், டிக், சர்வ் எல்லாம் பட்டியலாக வந்துவிடும். 2024 சீசனில், இரண்டாவது டச்சில் செட்டர் பந்தை இரட்டையாகத் தொட்டாலும் தவறில்லை என்று விதியை மாற்றியபோது ரசிகர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடினார்கள். வாதாட அவர்களிடம் விவரம் இருந்தது. அந்தக் கூட்டத்தை நம்பித்தான் 2024, 2025-ல் அங்கே பெண்களுக்கான புரொஃபஷனல் லீக்குகள் அடுத்தடுத்து வந்தன.

இந்தியாவில் 2019-ல் ப்ரோ வாலிபால் லீக் வந்தது. முதல் கோப்பையை சென்னை ஸ்பார்ட்டன்ஸ் எடுத்தது. 2022-ல் பிரைம் வாலிபால் லீக். இரண்டுமே ஆண்களுக்கானவை. இத்தனைக்கும் 2019 தெற்காசியப் போட்டியில் தங்கம் வென்றது இந்தியப் பெண்கள் அணி. வாலிபாலைத் தேசிய விளையாட்டாக வைத்திருக்கும் நேபாளத்தை, அவர்கள் ஊரான காத்மாண்டுவிலேயே, 3-2 என்று தோற்கடித்து!

இங்கே என்ன நடக்கிறது?

கல்லூரிகளுக்கு இடையே ஆட்டம். அதில் ஆடுபவர்களில் இருந்து பல்கலைக்கழக அணி. அப்புறம் தென்மண்டலம், அகில இந்தியா. இதுதான் ஏணி. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துக்கும் இதே வழிதான். ஆனால் வெளியே தெரிவது கோப்பையோடு நிற்கும் குரூப் போட்டோவும் ‘முதலிடம்’ என்ற ஒரு வரியும்தான். செட் ஸ்கோர்கூடப் பல நேரம் இருக்காது.

இது ரசிகருக்கு மட்டும் நஷ்டம் இல்லை. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, பல்கலைக்கழக அளவில் ஆடியவர்கள் தர வேண்டியது படிவம் 3. அதில் கேட்கப்படுவது எந்தத் தொடர், எந்த இடம் என்பதுதான். மூன்று வருடம் லிபரோவாக நின்று, விழ வேண்டிய பந்தையெல்லாம் எடுத்துக்கொடுத்த பெண்ணின் வேலை எந்தத் தாளிலும் ஏறாது. லிபரோ பிளாக் போகக் கூடாது. வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்கவும் கூடாது. புள்ளிக் கணக்கில் அவர் பெயர் வருவதே அபூர்வம். அணி கால் இறுதியில் தோற்றால் அவர் கையில் இருப்பது ‘பங்கேற்றார்’ என்ற சான்றிதழ்.

வேடிக்கை என்னவென்றால், பாதி விவரம் ஏற்கெனவே எழுதப்படுகிறது. சர்வதேச விதிப்படியான ஸ்கோர் ஷீட்டில், யார் எந்த இடத்தில் செட்டைத் தொடங்கினார்கள், ஒவ்வொருவரும் சர்வை இழந்தபோது அணியின் புள்ளி எத்தனை, டைம் அவுட் எப்போது என்பதெல்லாம் இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு ரொட்டேஷனிலும் எத்தனை புள்ளி வந்தது, எத்தனை போனது என்று வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாள் ஃபைலுக்குள் போய், ஃபைல் அலமாரிக்குள் போய்விடுகிறது. அதை ஒரு போட்டோ எடுத்துக் கல்லூரி இணையதளத்தில் போட ஆகும் செலவு என்ன?

லைவ் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு நியாயமான பதில் உண்டு. விளையாடும் பெண்களை ஜூம் செய்து, துண்டு துண்டாக வெட்டிப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கீழே வரும் கமென்ட்டுகளைப் பார்த்துவிட்டு ‘விளையாடியது போதும்’ என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. இந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் வாலிபாலை அலசுவதற்கு ஏற்ற கேமரா, எண்ட் லைனுக்குப் பின்னால் உயரத்தில் அசையாமல் நிற்பதுதான். ஆறு பேரும் நிற்கும் இடம் தெரியும், முகம் பெரிதாகத் தெரியாது. கமென்ட்டை மூடிவிடலாம். ஸ்கோர் ஷீட்டில் பெயரை மறைத்து ஜெர்சி எண்ணை மட்டும் விடலாம். எடுக்கும் முன் வீராங்கனைகளிடமே கேட்கவும் செய்யலாம்.

கோச்சடையில் இருந்து வைகையைத் தாண்டினால் விளாங்குடி. அங்கே பாத்திமா கல்லூரி. தல்லாகுளம் பக்கம் லேடி டோக். ரேஸ்கோர்ஸில் எம்.ஜி.ஆர். ஸ்டேடியம். ஆட்டம் நடக்கும் தேதி முன்கூட்டியே வெளியே தெரிந்தால், பார்வையாளருக்கு அனுமதியும் இருந்தால், அதிகபட்சம் ஒரு பஸ் தூரம்.

போகிறவர்கள் முதல் நாளே எல்லாவற்றையும் குறிக்க முயல வேண்டாம், பாதி செட்டில் குழம்பிவிடும். செட்டரின் ஜெர்சி எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் முன்வரிசையில் இருக்கும்போது போன புள்ளிகள் ஒரு பக்கம், பின்வரிசையில் இருக்கும்போது போனவை இன்னொரு பக்கம். போனில் இரண்டு வரிசைக் கோடு போதும். இரண்டாவது ஆட்டத்தில் லிபரோ எடுத்த பந்துகளை எண்ணத் தொடங்கலாம். அந்த எண்ணிக்கை ஸ்கோர் ஷீட்டில்கூட இல்லை.