பேஜ்மேக்கர் ஓடும்போதே எடுத்துவிடுங்கள்



“கம்ப்யூட்டர் மாத்திட்டோம். பழைய பேஜ்மேக்கர் பைல் ஒண்ணுகூடத் திறக்கலை. ஏதாவது வழி இருக்கா?” சிறுபத்திரிகை நடத்தியவர்கள், கும்பாபிஷேக மலர் தொகுத்தவர்கள், சொந்தக் காசில் கவிதைப் புத்தகம் போட்டவர்கள் எனப் பலரும் எங்களிடம் இதையே கேட்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினிகளை ஒழித்துவிட்டுப் புதியவை வாங்கும் காலம் இது. ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கேள்விக்கே.

அமெரிக்காவின் சியாட்டிலில் பால் பிரெய்னர்ட் தொடங்கிய ஆல்டஸ் நிறுவனம், 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. 1987-இல் அது விண்டோஸுக்கும் வந்தது. 1994-இல் ஆல்டஸ் அடோபியின் கைக்குப் போனது. 2001-இல் வெளியான 7-ஆம் பதிப்புதான் கடைசி. அடோபி அதற்குப் பதிலாக இன்டிசைன் என்ற மென்பொருளை வளர்த்தது; தமிழ் அச்சுலகமோ பேஜ்மேக்கரிலேயே நெடுநாள் தங்கிவிட்டது. கையிலிருந்த எழுத்துருக்களும், ஆபரேட்டர்களின் விரல் பழக்கமும் அதோடு பிணைந்திருந்தன, சின்ன டி.டி.பி. கடைகளுக்குப் புது மென்பொருளின் விலையும் கட்டுப்படியாகவில்லை. இப்படித்தான் தொண்ணூறுகளில் தொடங்கி, குறைந்தது பதினைந்து ஆண்டுகளின் தமிழ் எழுத்து, பி65 என்றும் பிஎம்டி என்றும் முடியும் கோப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தது. திருவல்லிக்கேணியிலும் சிவகாசியிலும் வடிவமைத்த எத்தனையோ பக்கங்களுக்கு வேறு மின்பிரதியே கிடையாது.

ஏன் திறக்கவில்லை என்பதற்கு வருகிறேன். விண்டோஸ் 3.1 காலத்துச் செயலிகள் 16 பிட் வகை. விண்டோஸ் 95-க்குப் பிறகு 32 பிட். இன்று 64 பிட். 32 பிட் விண்டோஸ், 16 பிட் செயலியையும் ஓட்டியது. 64 பிட் விண்டோஸ், 32 பிட் செயலியை ஓட்டும். 16 பிட்டை அடியோடு விட்டுவிட்டது.  விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வருகிறது. ஆகவே 32 பிட்டான பேஜ்மேக்கர் 7-ஐப் புதுக் கணினியில் ஓடவைக்க வாய்ப்பு இருக்கிறது. அதற்கு மிக முந்திய பதிப்புகளுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

முதலில் இதைச் செய்து பாருங்கள். பேஜ்மேக்கரை வழக்கமான புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் நிறுவாமல், சி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு நிறுவுங்கள். அந்தக் காலத்துச் செயலிகள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதிப் பழகியவை. 2007-இல் வந்த விஸ்டாவிலிருந்து அதற்குத் தடை உண்டு. பிறகு ஐகானை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி என்ற பகுதிக்குப் போய், விண்டோஸ் எக்ஸ்பியைத் தேர்ந்தெடுங்கள். நிர்வாகியாக இயக்கு என்பதையும் குறித்துவையுங்கள். பல இடங்களில் இதுவே போதும்.

இந்த கம்பாட்டிபிலிட்டி வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிம்சிட்டி என்ற விளையாட்டில் ஒரு பிழை இருந்தது: கணினியிடம் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை அது மறுபடி படிக்கும். விண்டோஸ் 3.1-இல் அதனால் தொல்லையில்லை. விண்டோஸ் 95-இலோ விளையாட்டு நின்றுபோகும். மைக்ரோசாஃப்டின் பொறியாளர்கள், ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, அதற்கு மட்டும் நினைவகத்தை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும்படி விண்டோஸையே மாற்றினார்கள். மென்பொருள் துறையைப் பற்றி எழுதும் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000-இல் இதை எழுதியிருக்கிறார். தாங்கள் எழுதாத மென்பொருளின் பிழைக்காக, அதைக் காசு கொடுத்து வாங்கியவர் ஏமாறக் கூடாதென்று பட்ட பாடு இது. பேஜ்மேக்கரை நம்பியிருந்த நமக்கும் அடோபியிடமிருந்து அந்த அக்கறை இன்னும் சில ஆண்டுகள் கிடைத்திருக்கலாம். பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் கடைசி இன்டிசைன், 2012-இன் சிஎஸ்6. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது.

தமிழுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தெரியாது. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கோப்பில் பதிவாவது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. இலங்கையில் பெரிதும் புழங்கிய பாமினி ஒரு முறை என்றால், 1999-இல் தமிழக அரசு ஏற்ற டேம், டேப் வேறு முறைகள், டிஸ்கி இன்னொன்று, அச்சு மென்பொருள் நிறுவனங்கள் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். எழுத்துரு தொலைந்தால், கோப்பு திறந்தாலும் படிக்க முடியாது. பேஜ்மேக்கரைத் தேடுவதற்கு முன்னால் எழுத்துருவைத் தேடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

புதுக் கணினியில் எதுவுமே சரிவராவிட்டால், விர்ச்சுவல் மெஷின் இருக்கிறது. புதுக் கணினிக்குள்ளேயே ஒரு ஜன்னலில் முழுப் பழைய கணினி ஓடும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். உங்களிடம் உரிமம் உள்ள எக்ஸ்பியை அதில் நிறுவி, பேஜ்மேக்கரையும் எழுத்துருக்களையும் ஏற்றிக்கொள்ளலாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே அந்த மெஷினுக்கு இணைய இணைப்பே தராதீர்கள். என் விருப்பம் இந்த வழிதான். பழைய கணினியின் மதர்போர்டு என்றைக்கு உயிரை விடும் என்று யாரும் சொல்ல முடியாது; விர்ச்சுவல் மெஷினை ஒரு கோப்பைப் போல நகலெடுத்து மூன்று இடங்களில் வைக்கலாம். டாங்கிள் பூட்டோடு வந்த தமிழ் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது எளிதில் கைகொடுக்காது. அந்தப் பூட்டைச் செருகும் பேரலல் போர்ட் இன்றைய கணினிகளில் பெரும்பாலும் இல்லை. அதன் 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்பதும் இல்லை. அவர்கள் பழைய கணினியை விடாமல் காப்பாற்ற வேண்டும். லினக்ஸ் பழகியவர்கள், விண்டோஸ் செயலிகளை அதில் ஓட்டும் வைன் என்ற மென்பொருளை முயன்று பார்க்கலாம். விண்டோஸ் கைவிட்ட 16 பிட் செயலிகளைக்கூட அது ஓட்டுகிறது.

கோப்பு திறந்ததும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். பக்கங்களைப் பிடிஎஃப் ஆக்குங்கள், உருவம் காப்பாற்றப்படும். ஆனால் அதிலிருந்து வரிகளை எடுத்து ஒட்டினால் அந்த ஜேயும் கேயும்தான் வரும். எனவே எழுத்தைத் தனியாக வெளியே எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். தலைப்புக்கு ஒரு எழுத்துரு, உள்ளே வேறொன்று என்று இருந்தால் தனித்தனியாக மாற்ற வேண்டும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து மாற்றினால் அவை அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்குறியும் ளகரமும் ஒன்றே என்பதால், ‘கௌரவம்’ என்பது கொம்பும் ககரமும் ளகரமுமாகப் பிரிந்து வந்து நிற்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ஆகவே மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் மெய்ப்பு பார்த்தே தீர வேண்டும். ஒரு புத்தகத்துக்கு இது பல நாள் வேலை. அந்த உழைப்புக்குத் தகுதியானவை நம் பழைய பக்கங்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் ஊரில் கடையை மூடப்போகும் டி.டி.பி. உரிமையாளர் யாராவது இருந்தால், கணினி எடைக்குப் போவதற்குள் அவரிடம் பேசுங்கள். அவர் சம்மதத்தோடு உங்கள் கோப்புகளையும், அவற்றுக்குப் பயன்படுத்திய எழுத்துருக்களையும் ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். சி.டி.யில் இருப்பவற்றை இப்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். வீட்டில் பதிந்த சி.டி.கள் வெகுகாலம் தாங்குவதில்லை. எந்த எழுத்துருவில் அடித்தது என்றே தெரியாத கோப்பு இருந்தால், அதே பக்கத்தின் அச்சுப் பிரதி ஒன்றோடு எங்களுக்கு அனுப்புங்கள். எழுத்தின் வளைவைப் பார்த்தே எழுத்துருவைச் சொல்லக்கூடிய வடிவமைப்பாளர்கள் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். பார்த்துப் பதில் எழுதுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்