படவெண் இல்லாப் படம்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முதுமொழி. செவ்வாய்க் கோளின் படங்களுக்கு இது நன்கு பொருந்தும்.

1976ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள், வைக்கிங்-1 சுற்றுக்கலம் செவ்வாயின் சைடோனியாப் பகுதியைப் படம் பிடித்தது. ஆங்கு ஒரு குன்று மனித முகம் போலத் தோன்றிற்று. கதிரவன் தாழ்ந்து நின்றமையால் வீழ்ந்த நிழலே கண்ணும் வாயுமாயிற்று. அனுப்புகையில் விடுபட்ட தரவின் கரும்புள்ளி மூக்குத் துளையாயிற்று. ஒளியும் நிழலும் விளைத்த தோற்றமே அஃது என நாசா நிறுவனம் சின்னாளில் அறிவித்தது. எனினும், செவ்வாயில் வாழ்ந்தோர் செதுக்கிய சிற்பம் என்ற கதையே பரவிற்று.

1998இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் கலம் அக்குன்றை முன்னினும் தெளிவாகப் படம் பிடித்தது. மெல்லிய மேகம் முகத்தை மறைத்தது என்றனர் சிலர். 2001இல் அக்கலமே மேலும் கூர்மையாகப் படம் பிடித்தது. அதில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நிலத்தைக் குறித்தது. முகம் மறைந்தது, குன்று எஞ்சியது.

அன்று அறிஞர் சிலர்க்கே எளிதாயிருந்த இவ்வாய்வு இன்று எவர்க்கும் இயல்வதாகும். நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்தைச் சார்ந்த 'ஆர்பிட்டல் டேட்டா எக்ஸ்புளோரர்' என்னும் இணையக் கருவியில் கலத்தையும் கருவியையும் தெரிவு செய்து, அகலாங்கு நெட்டாங்குகளை இட்டால், அவ்விடத்துப் படங்கள் வரிசையாகக் கிட்டும். படவெண், எடுத்த நாள், படப்புள்ளியின் அளவு, கதிரவன் இருந்த கோணம் ஆகியனவும் உடன் கிட்டும். இதற்குக் கட்டணம் இல்லை.

வல்லுநர்க்கன்றி இவை பிறர்க்கு விளங்குமோ என வினவலாம். நுண்பொருள் விளங்காது போகலாம். ஆயின் நிழல் எப்பக்கம் வீழ்கிறது எனக் காண வல்லுநர் வேண்டுவதில்லை. ஹைரைஸ் படங்களில் நீலமாய் ஒளிரும் மணல்மேடுகள், அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்து வண்ணம் கூட்டியவை என்பதனைப் படக்குறிப்பே உரைத்துவிடும்.

சுவடிகளை ஒப்புநோக்கியே பாடம் துணிதல் வேண்டும் என்பதனைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். அந்நெறியே ஈண்டும் வேண்டுவது. படவெண் இன்றி வரும் செவ்வாய்ப் படம், மூலம் சுட்டாத மேற்கோளை ஒக்கும். அதனை அச்சிடுவோரும் பரப்புவோரும் எண்ணையும் உடன் தருதல் கடன். தாராவிடின் கேட்டல் நம் கடன். களஞ்சியக் கதவு திறந்திருக்கக் கேள்விப்பட்டதையே நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது.