முத்திரை பதியாத சீட்டு



வாலாஜாபாத்தில் செங்கற்பட்டு வண்டிக்குச் சீட்டு வாங்கியதும் ஏறி அமரலாம். இத்தாலியிலும் அவ்வாறே எண்ணினேன். உரோமையிலிருந்து அசிசிக்குச் செல்லும் வட்டார இரயிலில், காகிதச் சீட்டை நிலையப் பொறியில் முத்திரையிடாது ஏறி அபராதம் செலுத்தினேன். பிழை என்னுடையதே.

ஒரகடம் தொழிற்சாலையில் பணிபுரியும் நம் இளைஞர் ஒருவர், முதிய பெற்றோரை அங்கே வாடகைக் காரில் அழைத்துச் செல்ல விரும்புகிறார். அவருக்குச் சொன்னவை: பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை இங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பெற வேண்டும். அங்கு வலப்புறமே ஓட்ட வேண்டும். பழைய நகர்ப்பகுதிகள் பலவற்றில் அனுமதியின்றி நுழையும் வண்டியை ஒளிப்படக் கருவி பதிந்துகொள்ளும். அபராதம் பல திங்கள் கழித்தும் வீடு தேடி வரும். ஆகவே நகருக்கு நகர் இரயிலே நலம். சிற்றூர்களுக்கு மட்டும் கார்.

பிறர் வீட்டு ஒழுங்கை முன்னரே கேட்டறிவதும் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையன்றோ!