பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், 'புதுச்சேரி துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்று செய்தி வந்துவிடும். வானூர் வட்டத்தின் கடலோரமான கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் பழகிப்போன செய்தி அது. ஆனால், கூண்டுகளில் மொத்தம் எத்தனை எண்கள், கடைசி எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

மொத்தம் 11. பகலில் கம்பத்தில் உருளையும் கூம்புமாகத் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் எரியும். 1, 2 என்றால் ஆபத்து தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே அச்சுறுத்தல். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். அப்படியானால் 11 அதைவிடப் பயங்கரமா? இல்லை. அது புயலின் பலத்தைச் சொல்ல வந்ததே அல்ல. 'வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது. வானிலை மோசமாகும் என்று இங்குள்ள அதிகாரி கருதுகிறார்' என்பதே அதன் பொருள்.

'எனக்குத் தகவல் வரவில்லை' என்று ஊருக்குச் சொல்வதற்கே தனியாக ஒரு கூண்டு! இதை யோசித்து வைத்த புண்ணியவான் யாரோ, இன்றைக்குச் செயலி வடிவமைக்கும் பலருக்கு அவரிடம் பாடம் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வானூருக்கு அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட ராத்திரியில்தான் மின்சாரம் போகும், செல்போன் கோபுரம் படுத்துவிடும், போனில் சார்ஜ் இறங்கும். அப்போது வானிலைச் செயலியைத் திறந்தால் என்ன காட்டுகிறது? பல செயலிகள் கடைசியாக இறங்கிய வரைபடத்தையே அப்படியே காட்டும். அதே வண்ணம், அதே மேகம், அதே புன்னகைக்கும் சூரியன். மூலையில் எறும்பு சைஸில் ஒரு நேரம் போட்டிருக்கும். அது நேற்றுக் காலை நேரம் என்று கண்டுபிடிக்க மூக்குக் கண்ணாடி வேண்டும். 'இது 14 மணி நேரத்துக்கு முந்தைய தகவல். புதிய தகவல் வரவில்லை' என்று திரையின் நடுவே பெரிதாக எழுதினால் என்ன குறைந்துவிடும்? வடிவமைத்தவருக்கு அது தோல்வியை ஒப்புக்கொள்வது போலப் படுகிறது. கடலுக்குப் போகிறவருக்கோ அதுதான் மிக முக்கியமான செய்தி.

சிக்கலான தொழில்நுட்பத்தை எளிமையாக்குவது என்றவுடன் அழகான திரையும் வழவழப்பான ஐகானும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. திரையே இல்லாமல் அதைச் செய்துகாட்டிய ஊர், கோட்டக்குப்பத்திலிருந்து தெற்கே, புதுச்சேரி நகரத்தைத் தாண்டியதும் இருக்கிறது. பெயர் வீராம்பட்டினம்.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக்கடலின் அலை உயரம் பற்றிய கணிப்பு தினமும் வரும். வல்லரசு நாட்டுக் கணினிகள் போட்ட கணக்கு, ஆங்கிலத்தில், வரைபடமாக. வில்லியனூரில் அதை இறக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அது கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி வழியாகத் தமிழில் ஒலிக்கும். இன்றைக்கு அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி. அவ்வளவுதான். வலை பின்னிக்கொண்டே கேட்கலாம், மீன் கூடையைத் தூக்கிக்கொண்டே கேட்கலாம். எழுத்துத் தெரிய வேண்டாம். பார்வை வேண்டாம். பாஸ்வேர்டு வேண்டாம்.

அந்தத் திட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. தகவல் மையம் அமையும் இடம், தலித் மக்கள் உட்பட ஊரில் எல்லோரும் தடையின்றி வந்துபோகும் பொது இடமாக இருக்க வேண்டும். கணினி எவ்வளவு எளிதாக இருந்தாலும், அது இருக்கும் திண்ணையில் ஒரு பகுதியினர் கால் வைக்க முடியாது என்றால் யாருக்கு லாபம்? 'பயன்படுத்த எளிது' என்பதை இவ்வளவு ஆழமாக யோசித்தவர்கள் குறைவு.

2004 டிசம்பர் 26 அன்று, பக்கத்து நல்லவாடு கிராமத்துக்கு ஒரு போன் வந்தது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், தொலைக்காட்சியில் பார்த்ததை வைத்து எச்சரித்தார். கிராமத்தினர் தகவல் மையத்தைத் திறந்து, அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் கரையை விட்டு ஓடியது. சுனாமி வீடுகளையும் படகுகளையும் கொண்டுபோனது, மக்கள் பிழைத்தார்கள்.

ஒலிபெருக்கிக்கு ஒரு குறை உண்டு. படகு கரையை விட்டுக் கிளம்பிவிட்டால் அதன் குரல் எட்டாது. அதனால் அதே நிறுவனம் 2007-ல் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' என்ற கைப்பேசிச் செயலிக்கு வந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் விவரங்கள் அதில் தமிழில் கிடைக்கின்றன. காற்று, அலை, மீன் கூடும் இடம், எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கை என எல்லாம் ஒரே இடத்தில்.

மீன் கூடும் இடத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் இந்த வேலையின் கஷ்டம் புரியும். செயற்கைக்கோள் கடலின் நிறத்தையும் மேற்பரப்பு வெப்பத்தையும் அளக்கிறது. பச்சையம் அதிகமிருந்தால் நுண்பாசி அதிகம். அதைத் தின்னச் சிறிய உயிர்கள், அவற்றைத் தின்ன மீன்கள். வெப்பநீரும் குளிர்நீரும் சந்திக்கும் கோட்டில் கூட்டம் இன்னும் அதிகம். மேகம் மூடினால் இந்தக் கணக்கு தடுமாறும். ஆனால், இந்த விஞ்ஞானத்தில் ஒரு வரிகூடப் படகோட்டிக்குத் தேவையில்லை. 'நம்ம துறையிலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம், எத்தனை ஆழம்?' மூன்றே கேள்விகள். டீசல் விற்கிற விலையில், அந்த மூன்றில் ஒன்று புரியாமல் போனாலும் நஷ்டம் அவருடையது. ஆழத்தைப் 'பாகம்' என்றும், காற்றை வாடை, கொண்டல், கச்சான் என்றும் பேசுகிறவரிடம் 'வடகிழக்கிலிருந்து 18 நாட்' என்று சொல்வது பாதி வேலைதான். மீதியை அவரே மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறார். அதுவும் விடியற்காலை மூன்று மணிக்கு.

கரையிலிருந்து சில மைல் போனாலே செல்போன் சிக்னல் போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மீனவர்கள் எத்தனையோ பேர் அந்த எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் இருந்தது; கேட்க வேண்டியவர்கள் கடலில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான், 2019-ல், 'ஜெமினி' என்ற சிறு கருவி வந்தது. செயற்கைக்கோளிலிருந்து நேராகச் செய்தியை வாங்கி, புளூடூத் வழியாகப் போனுக்குக் கொடுக்கும். நல்ல யோசனை. ஆனால், அது ஒருவழிப்பாதை. கேட்கலாம், பதில் சொல்ல முடியாது.

இனிக் கைக்கு வருவோம். செயலியைச் சோதிப்பவர் குளிர்சாதன அறையில், காய்ந்த விரலால் தொட்டுப் பார்க்கிறார். மீனவரின் விரலில் உப்புத் தண்ணீர். தொடுதிரை விரலை மின்னூட்டத்தின் மாற்றத்தை வைத்துத்தான் உணர்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் திரையில் விழுந்த துளியையும் அது விரல் என்று நினைத்துவிடும். 'இல்லை'யைத் தொட்டால் 'ஆம்' திறக்கும். பொத்தான்கள் குறைந்தது 9 மில்லிமீட்டர் அளவாவது இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டியே சொல்கிறது. ஆடும் ஃபைபர் படகுக்கு அதுவும் சிறிதுதான்.

வானூருக்கு வடகிழக்கே மரக்காணம் உப்பளம். பாத்தியில் பூத்த உப்பின் மேல் பங்குனி வெயில் அடித்தால் வெறும் கண்ணே கூசும். அங்கே சாம்பல் நிற எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்தால், திரையில் எதுவும் இல்லை என்றே அர்த்தம். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்திலாவது இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. நாகரிகம் என்ற பெயரில் வெளிறிய எழுத்தை விரும்புகிறவர்கள், அந்தப் போனை எடுத்துக்கொண்டு நடுப்பகலில் ஒரு முறை பாத்தி வரப்பில் நின்று பார்க்கலாம்.

உப்பை வாரி வாரி ரேகை தேய்ந்த கைகளுக்கு இன்னொரு தொல்லை, விரல்ரேகை இயந்திரம். 'மறுபடியும் வைங்கம்மா, கையைத் துடைச்சுட்டு வைங்கம்மா' என்பது நிறையப் பேர் கேட்டுச் சலித்த வசனம். ரேகை சரியில்லை என்றால் முகம் காட்டச் சொல்கிறார்கள். முகம் காட்டினால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். சிமிட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்களும், பார்வையற்ற ஒருவரும் இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அடையாளம் சரிபார்ப்பதை மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக மாற்ற 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி தர வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு.

நல்ல வடிவமைப்புக்குத் தினமும் கண்ணில், இல்லை, காதில் படும் உதாரணம் ஒன்று இருக்கிறது. டீக்கடை மேஜையில் 'பதினைந்து ரூபாய் பெறப்பட்டது' என்று பேசும் அந்தச் சின்னப் பெட்டி. மாஸ்டரின் இரு கையிலும் வேலை, கண் பாய்லரில். அவர் போனை எடுத்துப் பார்க்கவே வேண்டாம். வீராம்பட்டினம் ஒலிபெருக்கியின் பேத்தி என்று அதைச் சொல்லலாம்.

இதற்கு நேரெதிர், வாட்ஸ்அப்பில் சுற்றும் புயல் எச்சரிக்கைப் படங்கள். அதிகாரிகள் அச்சடித்த அறிக்கையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், நாமும் அப்படியே தள்ளிவிடுகிறோம். பார்வையற்றவரின் போன் எழுத்தைத்தான் வாசித்துக்காட்டும். படத்தைப் பார்த்தால் 'படம்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவது வழக்கம். ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணத்தில் மட்டும் சொன்னால், நிறம் பிரித்தறியச் சிரமப்படுகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். துறைமுகக் கம்பம் பகலில் வண்ணத்தை நம்பாமல் வடிவத்தைத் தொங்கவிட்டது சும்மா இல்லை. அடுத்த முறை எச்சரிக்கைப் படத்தை அனுப்பும்போது கீழே இரண்டு வரி தட்டச்சு செய்து அனுப்பினால், அந்தப் பக்கம் ஒருவர் கேட்பார்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் போனில் அமைப்புகளுக்குள் போய் எழுத்தளவைக் கூட்டிக் கொடுங்கள். அங்கேயே 'ஆக்ஸஸிபிலிட்டி' என்று ஒரு பகுதி இருக்கும். தமிழில் 'அணுகல்தன்மை' என்பார்கள். எளிதாக அணுகுவதற்கான வசதிக்கு இத்தனை முறுக்கான பெயர்! அதற்குள் 'டாக்பேக்' என்ற வாசிப்பு வசதி இருக்கிறது. அதை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் வானிலைச் செயலியில் நாளைய மழையைக் கண்டுபிடிக்க முயன்று பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டாக்பேக் இயங்கும்போது ஒரு முறை தொட்டால் வாசிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். அணைப்பதற்கும் அதே இரண்டு தட்டுதான்.